நான்கு மணி நேர ஞாபகம்

எடெல்மிராவுக்காகத்தான் அதைச் செய்தேன். சொன்னால் என் பாவம் கரைந்துவிடாது. இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர்க் கூட்டுறவு மின்சாரத்தோடு இணையமும் தருகிறது. புகார் மேசையில் எடெல்மிரா, கருவிகளோடு நான். கொரோனாவில் ஊரே வீட்டுக்குள் முடங்கியதும் எங்கள் இணைப்பு திணறியது. ஸ்பெயினில் மருத்துவமனையில் கிடந்த அவள் தங்கை நில்தாவின் முகம் திரையில் துண்டு துண்டாக வந்தது.

"இன்னிக்கு அஞ்சரைக்குப் பேசலாம்னு சொல்லியிருக்காங்க. அப்புறம் தூங்க வச்சு, தொண்டையில குழாய் போட்டுருவாங்களாம்," என்றாள். "அஞ்சு நிமிஷம் அவ மூஞ்சி தெளிவாத் தெரிஞ்சாப் போதும், ஒல்லி." என்னை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்கறேன்னு சொன்னாத்தான் எனக்கு பயமே."

சிரித்துக்கொண்டே, எங்கள் பக்கத்து மூலிகைத் தேநீரான மாத்தேயைக் குழலால் உறிஞ்சினாள். ஒரே குவளையைச் சுற்றுக்கு விட்டுக் குடிப்பதை அந்த மாதங்களில் நிறுத்தியிருந்தோம், ஆளுக்கொரு குவளை.

ஊரின் இணையப் போக்குவரத்து முழுவதும் ஒரே கணினி வழியாகத்தான் போகிறது. அதன் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் கரு, ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் நிறுத்தி விசாரிக்கும் பேர்வழி. அதனால் இணையக் கம்பி வந்து சேரும் வலையட்டையை அதனிடமிருந்து பிடுங்கி, வேகமான ஒரு நிரலிடம் கொடுத்திருந்தேன். கணினிக்கென்றே வருகிறவற்றை மட்டும் அந்த நிரல் ஒரு சிறு பாலம் வழியாகக் கெர்னலுக்கு அனுப்பும். கண்ட குப்பையும் அந்தப் பாலத்தில் ஏறி வேகத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

மதியம் ஒன்றே முக்கால். ஊர் உண்டு உறங்கும் நேரம். பாலத்தைச் சுருக்கினேன். எங்கள் முகவரி எழுதி வருவது மட்டும் ஏறலாம். முகவரி இல்லாமல் எல்லோருக்கும் பொதுவாகக் கூவிக்கொண்டு வருவதெல்லாம் வெளியே. சோதித்தேன். வீடியோ கண்ணாடி போலத் தெளிவாக வந்தது. அரை மணி நேரம் பார்த்துவிட்டு, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு சாப்பிடப் போனேன்.

நான் வெளியே தள்ளிய கூவல்களில் ஒன்று, ரொசாரியோ நகரில் எங்களுக்கு இணைப்புத் தரும் பெட்டியுடையது. "இந்த முகவரிக்காரர் இருக்கிறீர்களா?" என்று அது கேட்கும். கெர்னல் "இருக்கிறேன்" என்று சொல்லும். ஒரு பதில் கிடைத்தால் நான்கு மணி நேரம் எங்களை ஞாபகம் வைத்திருக்கும். பிறகு மறுபடி கேட்கும், பதில் வராவிட்டால் எங்களை மறந்து எதையும் அனுப்பாது. கடைசிப் பதில் நான் கைவைப்பதற்குச் சற்று முன்னால் போயிருந்தது. நான்கு மணி நேர ஞாபகத்தை அரை மணியில் சோதித்த மேதை நான்.

ஐந்தரைக்கு எடெல்மிரா பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். "என்னடி முடி இது, பக்கத்து வீட்டு நாய் மாதிரி," என்று அவள் சொல்வதும், இருவரும் சிரிப்பதும் கேட்டது. பிறகு சத்தமில்லை. போனைக் கையில் ஏந்தியபடி வெளியே வந்தாள்.

"ஒல்லி, அவ அப்படியே நின்னுட்டா. என்னமோ கேட்டா, பாதியில போயிடுச்சு."

ஊரே அறுந்திருந்தது. அலைபேசிக் கோபுரமும் எங்கள் கம்பியில்தான் தொங்கியது. கண்ட இடத்தையெல்லாம் தேடினேன். என் தவறு எனக்குப் புலப்பட இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. பாலத்தைத் திறந்ததும் கெர்னல் பதில் சொன்னது, ரொசாரியோ எங்களை அடையாளம் கண்டுகொண்டது. அதற்குள் நில்தாவைத் தூங்க வைத்துவிட்டார்கள்.

இணைப்போடு, தூங்குமுன் நில்தா அனுப்பியிருந்த குரல் பதிவும் வந்து சேர்ந்தது. எடெல்மிரா என் முன்னாலேயே போட்டுக் கேட்டாள். மூச்சு வாங்கிய குரல்.

"எடெல், இருக்கியா? ஒண்ணுமே கேக்கல. இருக்கியாடி?"

எடெல்மிரா என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, "இருக்கேன்" என்று அனுப்பினாள். போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாக இரண்டு சாம்பல் நிறக் குறிகள் விழுந்தன.

"பாரு, கெடச்சிடுச்சு," என்று எனக்குத்தான் ஆறுதல் சொன்னாள். "முழிச்சதும் படிப்பா."

பதினோராம் நாள் நில்தா தூக்கத்திலேயே இறந்தாள். அந்தக் குறிகள் நீலமாக மாறவே இல்லை.