கபில நிறப் பீங்கான்

"நிப்பாட்டுங்க! மெஷினை நிப்பாட்டுங்க!"

மேலே ஏற வழி வெட்டிக்கொண்டிருந்த பெக்கோ இயந்திரத்தின் இரும்புக் கை மண்ணை அள்ளப் பாயும் நேரம், மோகனராஜ் அதற்கு நேர் கீழே போய் நின்றான். ஓட்டுநர் சிங்களத்தில் ஒரு கெட்ட வார்த்தையை உதிர்த்துவிட்டு லீவரை இழுத்தார். இரும்புக் கை அவன் தலைக்கு மேல் ஆடி நின்றது.

"பைத்தியமா ஒனக்கு? சாகப் போறியா?" என்று சேற்றில் வழுக்கிக்கொண்டு ஓடி வந்தான் முத்துலிங்கம்.

"மேல தோண்டி பிரயோசனம் இல்ல மச்சான். கலா இங்கதான் இருக்கா. இந்தா, நம்ம காலுக்குக் கீழ!"

மோகனராஜ் நீட்டிய கையில் ஒரு பீங்கான் குமிழ் இருந்தது. கரண்டுக் கம்பத்தின் உச்சியில் கம்பியைத் தாங்கி நிற்குமே, அது. பழுப்புக் கலந்த கபில நிறம். பெக்கோ வழி வெட்டி ஒதுக்கிய சேற்றிலிருந்து அவன் சற்று முன்தான் அதைப் பொறுக்கியிருந்தான்.

கலாராணி அவனுடைய தங்கை. முத்துலிங்கத்தின் மனைவி. தெல்தோட்டைக்கு மேலே, அந்தத் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப் பிரிவில் அவர்கள் வீடு. நேற்றுவரை வீடு இருந்தது. விடியும் நேரம் மலை இறங்கி வந்து தொழிலாளர் லயம், பாதை, வீடு எல்லாவற்றையும் ஒரே சிவப்புச் சேறாக்கிவிட்டது. பல்லேகலயில் இரவுக் காவல் வேலைக்குப் போயிருந்ததால் முத்துலிங்கம் தப்பினான்.

கண்டியில் இருந்த மோகனராஜுக்குக் காலையில் ஒரு அழைப்பு வந்தது. "அண்ணே... கூரை விழுந்திருச்சி. மேசைக்கு அடியில கெடக்கேன். ஒண்ணும் தெரியுதில்ல..." அவ்வளவுதான். அதன்பிறகு அந்த எண் பேசவில்லை.

அவள் உயிரோடு இருந்தாள். ஆனால் எங்கே? அடையாளம் சொல்ல ஒரு மரமாவது மிச்சம் இருந்தால்தானே!

இராணுவ அதிகாரி குடையை மடக்கியபடி வந்தார். உடைந்த தமிழில் பேசினார்.

"மல்லி, தம்பி, ஒரு மெஷின்தான் இருக்கு. மழை திரும்ப வந்தா, அதும் போகணும். ஒரு எடம் சொல்லுங்க. ரெண்டு இல்ல."

"மேல சேர், அந்தப் பெரிய கல்லுக்குப் பக்கத்துல. எனக்கு அப்பிடித்தான் தோணுது," என்றான் முத்துலிங்கம்.

"தோணுறத வச்சுத் தோண்டுறதா? எங்கிட்ட சாட்சி இருக்கு சேர்!"

மோகனராஜ் கண்டியில் மின்சாதனக் கடையொன்றில் வேலை செய்பவன். ஞாயிற்றுக்கிழமையானால் பழைய கம்பங்களைத் தேடிக் கிளம்பிவிடுவான். அம்பிட்டிய மேட்டில் கைவிடப்பட்ட தொலைபேசிக் கம்பத்திலிருந்து பச்சைக் கண்ணாடிக் குமிழ், பல்லேகல பழைய இரும்புக் கடையிலிருந்து வெள்ளைப் பீங்கான் என்று அவன் அறையில் கட்டில் போட இடமில்லை. கண்ணாடிக்குள் இருக்கும் காற்றுக் குமிழியைப் பார்ப்பான். பீங்கானின் பாவாடை போன்ற விளிம்பைத் தூக்கி அடியில் இருக்கும் முத்திரையைப் பார்ப்பான். எந்தக் காலத்துச் சரக்கு என்று சொல்லிவிடுவான்.

"எங்க அண்ணன் பொண்ணு பாக்கப் போனாலும் பொண்ணப் பாக்காது. வாசல்ல நிக்கிற கம்பத்ததான் பாக்கும்," என்று கலாராணி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

இப்போது அவன் அதிகாரியின் முகத்துக்கு நேரே பீங்கானைப் பிடித்தான்.

"இந்தத் தோட்டத்துல பழைய டெலிபோன் லைன்ல எல்லாம் கண்ணாடி. கரண்டு லைன்ல எல்லாம் வெள்ளப் பீங்கான். கபில நிறம் ஒண்ணே ஒண்ணுதான் சேர். என் தங்கச்சி வீட்டுக் குசினிக்குப் பின்னால நிக்கிற கம்பத்துல. விளிம்புல பாருங்க, பிறை மாதிரி ஒரு உடைசல். தீபாவளிக்கு வந்தப்பகூட கீழ நின்னு இதத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

"உருண்டு வந்திருக்கலாம் தானே?"

"உருண்டு வந்தா சிதறியிருக்கும். இதுல புதுசா ஒரு கீறல்கூட இல்ல. கம்பத்தோட சேந்து மெதுவா இறங்கியிருக்கு. கம்பம் இங்கன்னா வீடும் இங்கதான்!"

சொல்லும்போதே அவன் விரல் பீங்கானின் அடியைத் தடவியது. உள்ளே கம்பத்தோடு பூட்டும் இரும்பு ஆணி இல்லை. கழுத்தில் கட்டுக்கம்பியும் இல்லை. ஒரு கணம் நெஞ்சில் ஏதோ இடறியது. மலையே பிடுங்கிக்கொண்டு வரும்போது கம்பி நிற்குமா என்று அந்த இடறலை ஓரமாகத் தள்ளினான்.

அதிகாரி முத்துலிங்கத்தைப் பார்த்தார். பீங்கானைப் பார்த்தார். பிறகு ஓட்டுநரைப் பார்த்துக் கையைக் கீழே காட்டினார்.

"மச்சான், நெசமாத்தான் சொல்றியா?" முத்துலிங்கம் அவன் தோளைப் பற்றினான்.

"என் உசிர வச்சுச் சொல்றேன்டா."

இயந்திரம் உறுமியது. ஒவ்வொரு அள்ளலுக்கும் மண் சரிந்து வந்து பள்ளத்தைப் பாதி மூடியது. இளைஞர்கள் கை மாற்றிக் கை மாற்றி வாளியில் சேற்றை இறைத்தார்கள். முத்துலிங்கம் மண்வெட்டியை எறிந்துவிட்டு நகத்தால் கீறினான். இடையிடையே இயந்திரத்தை நிறுத்தி எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள்.

"கலா! ஏய் கலா!"

தண்ணீர் ஓடும் சத்தம் மட்டுந்தான்.

திடீரென்று பெக்கோவின் பல்லில் தகரம் கீறியது.

"கூரை! கூரைத் தகரம்!"

மோகனராஜ் பள்ளத்துக்குள் குதித்தான். தகரத்தை நான்கு பேர் சேர்ந்து புரட்டினார்கள். அதன் கீழே ஒரு பலகை. பலகைக்குக் கீழே கண்ணாடிப் போத்தல் ஒன்று பளபளத்தது. அதற்குள் சிவப்பும் மஞ்சளுமாக டொபி மிட்டாய்கள்.

முத்துலிங்கம் அந்தப் போத்தலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எங்க வீட்டுல ஏதுடா இத்தன டொபி?"

அடுத்த அள்ளலில் சோடாப் போத்தல்கள் வந்தன. பிறகு ஒரு தராசுத் தட்டு.

"இது பேச்சியம்மா அக்கா கடை," என்றது பின்னால் ஒரு குரல். "வீட்டுக்குக் கீழ, ரோட்டோரம் இருந்த பெட்டிக்கடை."

"இருக்காது! கடையும் வீடும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கும். இன்னும் கீழ போங்க!" மோகனராஜ் கத்தினான். அவன் கத்தியது அவனுக்கே நம்பும்படியாக இல்லை. ரோட்டோரக் கடை எப்படி மேலேறி வரும்? கையில் இருக்கும் பீங்கான் பொய் சொல்லுமா? முத்திரை அதேதான். பிறையும் அதேதான்.

மலை உச்சியில் காவல் நின்ற சிப்பாயின் விசில் ஒலித்தது. ஒன்று, இன்னொன்று, பிறகு நிற்காமல்.

"மேல மண் நகருது! எல்லாரும் வெளிய வாங்க!" அதிகாரி ஓடி வந்தார். பெரிய துளிகளாக மழை விழத் தொடங்கியது. பெக்கோ பின்னோக்கி ஊர்ந்தது.

"சேர், கொஞ்சம் பொறுங்க சேர்! அந்தக் கல்லுப் பக்கம் ஒரே ஒரு தடவ!" முத்துலிங்கம் இயந்திரத்தின் சங்கிலிச் சக்கரத்தின் முன்னால் விழுந்தான். இரண்டு சிப்பாய்கள் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவன் திமிறவில்லை. துணி மூட்டை மாதிரித் தொங்கினான்.

மோகனராஜைத் தள்ளிக்கொண்டு போய்ப் பாடசாலை வாசலில் விட்டார்கள். தப்பியவர்கள் எல்லாம் அங்கேதான் இருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் அந்தப் பெரிய கல் தெரிந்தது. அதன் மேல் புதுச் சேறு வழிந்துகொண்டிருந்தது. போக வழியில்லை. பார்க்க மட்டுமே முடிந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பேச்சியம்மா வந்தாள். தலையில் கட்டு. யாரோ கொடுத்த சட்டையைச் சேலைக்கு மேல் போட்டிருந்தாள். அவன் கையை அவள் பார்த்தாள். கண் விரிந்தது.

"ஐயோ தம்பி, இது ஒங்க கைக்கே வந்திருச்சா?"

"என்னக்கா சொல்றீங்க?"

"போன மாசம் கரண்டுக்காரங்க வந்து ஒங்க தங்கச்சி வீட்டுக் கம்பத்துக்குப் புதுசு மாட்டுனாங்க. பழச எடுத்துக்கிட்டுப் போகப் பாத்தாங்க. கலா விடல. சண்ட போட்டு வாங்கிருச்சி." அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அண்ணனுக்குப் பொங்கலுக்குக் குடுக்கணும், வீட்டுல வச்சா மோப்பம் புடிச்சிரும்னு சொல்லி, பழந்துணியில சுத்தி எங்கிட்டத்தான் குடுத்து வச்சிச்சி. நான் கடையில, மேசைக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்தேன் தம்பி."