குடிலுக்குள் ஒரு தெரு

1951 கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், ராயபுரத்தில் ஃப்ளோரா வீட்டுக் குடிலில் விளக்கு எரிந்ததும், கட்டைவிரல் உயரக் களிமண் மனிதர்கள் கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு வந்தார்கள். ஃப்ளோரா அந்த வருஷம் பெத்லகேமைச் செய்யவில்லை. சில வருஷங்களுக்கு முன் கடல் கொண்டுபோன, தான் பிறந்த தெருவைச் செய்து, குழந்தை ஏசுவுக்கு வலைக்கொட்டகையில் இடம் ஒதுக்கியிருந்தாள். நல்ல தெரு அது. அதன் கருவாட்டு வாசனைக்கு இப்போதும் மனசு ஏங்குகிறது. அந்தத் தெருவோடு கடலில் போன அக்கா ஐரீன் மீன்கூடையை இறக்கிவைத்து நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாடி இப்டி எளச்சிட்டே?" ஃப்ளோராவின் அழுகை கேட்டு அக்கம்பக்கம் கூடியது. அவரவர் ஆட்களைக் குடிலுக்குள் தேடிப் பிடித்து நலம் விசாரித்துவிட்டு, உலை வைக்க நேரமாகிறதென்று கிளம்பினார்கள்.

விளக்கு எரிந்தது டார்ச் லைட் பேட்டரிக் கட்டையில். ரேடியோ ரிப்பேர் பார்க்கும் லியாகத் அலி பல்பு கட்டிக் கொடுத்திருந்தார். மூன்றாம் நாள் வெளிச்சம் மங்கி, ஐரீன் பேச்சின் நடுவிலேயே களிமண்ணாகி நின்றாள்.

"கட்டை செத்துப்போச்சுக்கா. வேற போட்டா சரியாப்பூடும்" என்றார் லியாகத் அலி.

செத்துப்போச்சு என்ற சொல்லை ஃப்ளோராவால் தாங்க முடியவில்லை. ஒரு தடவை பறிகொடுத்தது போதாதா? "சாவாத கரண்டா குடு பாய்" என்றாள். துறைமுகத்தில் வேலை பார்த்த அவள் புருஷன் பாஸ்கல் லாரி பேட்டரி ஒன்று தூக்கி வந்தான். ஆசிட் நெடியில் தெருவே இருமியதால் திருப்பிக் கொடுத்தான். கடைசியில், காலிங்பெல்லுக்கு வைக்கும் சின்ன டிரான்ஸ்பார்மரை வைத்து வீட்டுக் கரண்டிலேயே இழுத்தார்கள். வெளிச்சம் மங்கவே இல்லை, ஃப்ளோராவும் அணைக்கவே இல்லை. ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்தும் குடில் பிரிக்கப்படவில்லை. பங்குச் சாமியார் வந்து பார்த்து, உள்ளே இருந்தவர்களுக்கும் சேர்த்து ஆசீர் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆனால் அந்தத் தெருவில் இரவே வரவில்லை. இருட்டாமல் எப்படிக் கடலுக்குப் போவதென்று கட்டுமரங்கள் கரையிலேயே கிடந்தன. பிள்ளைகள் எந்நேரமும் சிணுங்கின. தவக்காலத்துக்குள் ஐரீனின் கண்கள் வீங்கிவிட்டன.

"கண்ணு எரியுதுடி. எங்கள தூங்க வுடு."

"அணைச்சா நீ பூடுவியே!"

"பூட்டா இன்னா, நாளைக்கு எயுந்து வரமாட்டனா? சாவறது வேற, தூங்கறது வேற. அதுகூடவா தெரியல உனுக்கு?"

ஃப்ளோரா ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். பிறகு லியாகத் அலியிடம் போய், "பாய், அந்தத் தூங்கற கட்டையவே போட்டுக் குடு" என்றாள். அதிலிருந்து அந்தப் பக்கத்துக் கடைகளில் எந்தக் கட்டையும் சாவதில்லை. "தூங்கிடுச்சு, வேற குடு" என்றுதான் கேட்கிறார்கள்.

அன்று சாப்பாடு முடிந்ததும் ஃப்ளோரா தானே சுவிட்சைத் திருப்பினாள். இருட்டுக்குள் சின்னச் சின்னக் கதவுகள் ஒவ்வொன்றாகத் தாழிடும் சத்தம் கேட்டது. கடைசிக் கதவு வரைக்கும் கேட்டிருந்துவிட்டு, அவளும் வாசல் கதவைத் தாழிட்டுப் படுத்தாள்.