பதின்மூன்றை நான்கால் வகுத்தால்

1

அறிவின் விலை இரண்டு ரூபாய். நூறாக எடுத்தால் ஒன்றேகால். விருதுநகரில், இதைப் போடுகிற சம்சுவின் கடையில் நின்று பேசினால் இன்னும் கொஞ்சம் இறங்கும். சிவகாசியில் அச்சாகி வரும் பொடிக் கணக்குப் புத்தகம் அது. 2004 சீசனுக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன். கடைசிக் கணக்கை மட்டும் சம்சு திருப்பித் தந்துவிட்டார். இந்தக் கதை அந்தக் கணக்குத்தான்:

பட்டாசுக் கம்பெனிக்குப் பதின்மூன்று பெண்கள் வந்தார்கள். அறைகள் மூன்று. ஓர் அறைக்கு நான்கு பேர். எல்லோரும் வேலை செய்வது எப்படி?

"மீதி வர்ற கணக்கு நமக்கு ஆகாதுங்க. பிள்ளைக முளிக்கும். ஒராளைக் கொறச்சுப் பன்னெண்டாப் போட்டுருங்களேன்" என்றார் சம்சு.

நான் மிளகாய் வற்றல் தரகு பேசும் வீட்டில் வளர்ந்தவன். கழிவு போடுவது எனக்குப் புதிதில்லை. இருந்தும் எந்த ஒருத்தியைக் கழிப்பது என்று தெரியவில்லை. கணக்கை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

2

தொடக்கம் ஒன்று: நாரணாபுரத்தில் பொழுது பொலபொலவென்று...

வேண்டாம். எல்லாக் கதையிலும் அது அப்படித்தான் விடிகிறது.

தொடக்கம் இரண்டு: சோலையம்மாள் கம்பெனி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள்.

இது போதும். அவள்தான் அன்றைக்கு மீதி. தாயில்பட்டியிலிருந்து ஒரே வேனில் பதின்மூன்று பேர் வருவார்கள். சோதனை ஜீப் வரும் என்று பேச்சிருந்தால் ஒருத்தி வெளியே இருந்தாக வேண்டும். முறை வைத்து இருந்தார்கள். இருப்பவளுக்குக் கூலி கிடையாது. சோலையம்மாளின் தங்கை இசைவாணி இரண்டாம் அறையில் திரி செருகிக்கொண்டிருந்தாள். இரண்டு கூலியும் சேர்ந்தால்தான் வீட்டில் வாரம் ஓடும்.*

(*இங்கே ஒரு சீக்காளிப் பிள்ளையைச் சேர்த்தால் கதைக்கு விலை ஏறும். வற்றலில் தண்ணீர் தெளித்து எடை கூட்டுவதைச் சின்ன வயதிலேயே நிறையப் பார்த்துவிட்டேன்.)

3

உச்சிவேளை. போர்மேன் பலவேசம் கேட்டுக்கு வெளியே செல்போனோடு நின்றான். ஒரு மிஸ்டு கால் வந்தால் ஜீப் வருகிறது. இரண்டு வந்தால் திரும்பிவிட்டது. இரண்டு வந்தது.

"ஏ சோலை, ரெண்டாம் ரூமுல போயி உக்காரு. அரைநாள் கூலி போட்டுருதேன்."

"அங்கன நாலு பேரு இருக்காகளே அண்ணாச்சி."

"நாலும் ஒண்ணும் அஞ்சு. அதுக்கு எதுக்கு இம்புட்டு யோசனை?"

"எனக்குப் பதிலா நீங்க போயி உக்காருங்களேன். நான் கேட்டைப் பாத்துக்கிடுதேன்."

அவன் சிரித்தான். அவளும் சிரித்துவிட்டாள். இரண்டுமே அலுப்பில் வந்த சிரிப்பு.

அறைக்கு நான்கு பேர் என்ற சட்டம் கதவை வைத்துப் போட்ட கணக்கு. பொறி பட்டால் நான்கு பேர் வெளியே பாய்ந்துவிடலாம். ஐந்தாவது ஆள் யாராவது ஒருத்தியின் வழியில் இருப்பாள். இரண்டாம் அறையில் காலியாக இருந்த இடம், இசைவாணிக்கும் கதவுக்கும் நடுவில்.

சோலையம்மாள் வாசலில் போய் நின்றாள். இசைவாணி நிமிராமலே தன் குவியலை உள்பக்கம் நகர்த்தினாள்.

"வாக்கா. ஒதுங்கிக்கிடுதேன்."

4

கதையில் ஓர் அறை கட்ட ஒரு வரிதான் செலவு. 'பக்கத்தில் நான்காவதாக ஓர் அறை பூட்டிக் கிடந்தது' என்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். சிமெண்டு வாங்கிக் கட்டாத முதலாளி என் மையில் மட்டும் ஏன் கட்டுவார்?

முடிவு ஒன்று: உள்ளே போனாள். ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் வேன் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனது. (அநேக நாள் இதுதான் நடக்கும். அதனால்தான் மறுநாளும் போவார்கள்.)

முடிவு இரண்டு: உள்ளே போனாள். சற்று நேரத்தில்...

இந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன். இதற்குச் சந்தையில் நல்ல விலை உண்டு என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

முடிவு மூன்று: மரத்தடிக்கே திரும்பினாள். அந்த வாரம் துண்டு விழுந்தது. அடுத்த முறை இசைவாணி மரத்தடியில் இருந்தாள், அன்றைக்கும் மத்தியானம் இரண்டு மிஸ்டு கால் வந்தது.

5

அவளை வாசலில் நிறுத்தி எனக்கே கால் கடுக்கிறது. பலவேசம் கேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். இசைவாணி ஒதுங்கிக் கொடுத்த இடம் அப்படியே இருக்கிறது. எனக்கு வகுக்கத் தெரிந்தது இவ்வளவுதான்.

வேனில் வந்தது பதின்மூன்று.
அறைகளில் உட்கார்ந்தது பன்னிரண்டு.
பாக்கி சோலையம்மாள். உங்கள் பேரில் பற்று எழுதியிருக்கிறேன்.