கருணைக்கு இரட்டை நாயனம்

ஒரு மனுஷிக்குக் கருணை இருக்கிறது என்று திருச்சி நம்ப வேண்டுமானால் இரட்டை நாயனம் வேண்டும், கேட்டில் வாழைமரம் கட்ட வேண்டும், அதிர்வேட்டும் போட்டாக வேண்டும். அறுபத்து மூன்றாம் வருஷம் நகர நல்வாழ்வு மன்றத்தார் காபியும் கேசரியும் சாப்பிட்டுக்கொண்டே இப்படித்தான் தீர்மானித்தார்கள். கருணை யாரிடம் இருக்கிறது என்று அவர்கள் தேடி அலையவில்லை. தலைவர் ரத்தினவேல் அதை ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருந்தார்.

ரத்தினவேலுக்கு உறையூரில் சுருட்டுக் கம்பெனி. குடலிறக்க ஆபரேஷனுக்காகப் பெரிய ஆஸ்பத்திரியில் தனி அறையில் கிடந்தபோது, ஊசியைக் கண்டாலே ஊரைக் கூட்டினார். ஒருநாள் ஊசி இறங்குவதற்கு முன்பே படுக்கையை நனைத்துவிட்டார். ஹெட் நர்ஸ் வியாகுலம்மாள் வெளியே இருந்த ஆயாவைக்கூடக் கூப்பிடாமல், தானே விரிப்பை மாற்றி, அதைத் தானே சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். போகிறபோது, "வாயை மூடிட்டுப் பேசாம படுங்க" என்று அதட்டிவிட்டும் போனாள். அவருடைய தாயார் காலமான பிறகு அவரை அதட்ட ஆளில்லை. மனுஷர் நெகிழ்ந்துபோனார். அந்த நெகிழ்ச்சிதான் இப்போது வெள்ளிப் பதக்கமாக வந்து நின்றது.

வியாகுலம்மாளுக்குக் கருணை என்ற சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வரும். மலச்சட்டி எடுக்காதவர்கள்தான் அந்தச் சொல்லை அதிகம் பேசுகிறார்கள் என்பது அவளுடைய அபிப்பிராயம். மேலப்புதூரிலிருந்து அவள் நர்ஸ் படிக்க வந்த புதிதில், தனுர்வாயு கண்டவர்களை ரோட்டோரத்து வராந்தாவில் போட்டுவைப்பார்கள். காலில் ஆணியோ மண்வெட்டியோ பட்டு, புண்ணில் விஷம் ஏறி, தாடை பூட்டிக்கொண்டு வருகிறவர்கள். சின்னச் சத்தம், கொஞ்சம் வெளிச்சம் பட்டால் போதும், உடம்பு வில்லாக வளைந்து மூச்சு நின்றுவிடும். அப்பேர்ப்பட்டவர்களைப் பஸ் ஹாரனுக்கும் வண்டிச் சத்தத்துக்கும் நடுவில் கிடத்திவிட்டு, விதி முடிந்தது என்று டாக்டர்கள் கையைக் கழுவிக்கொண்டு போனார்கள். நன்றாகத்தான் கழுவினார்கள், சோப்புப் போட்டு.

அவள் ஹெட் நர்ஸ் ஆனதும் செய்த முதல் காரியம், வார்டின் கடைசியில் உடைந்த கட்டில்கள் அடைந்து கிடந்த அறையைக் காலி செய்ய வைத்தது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்தாள். கதவுக் கீலுக்கு விளக்கெண்ணெய் விட்டாள். வாளிப் பிடிகளில் துணி சுற்றினாள். அந்த அறைக்குள் செருப்பு கிடையாது, வளையல் கிடையாது, பேச்சு கிடையாது. சொந்தக்காரர்கள் அழுது வைப்பார்கள் என்பதால் அவர்களும் கிடையாது. பெரிய டாக்டர் தர்மராஜே பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார், முணுமுணுத்துக்கொண்டு. நர்ஸ்கள் அவளைப் பிசாசு என்றார்கள். வருஷம் போகப் போக, புதிதாக வருகிறவர்களின் வளையலை அதே நர்ஸ்கள் முறைத்துக் கழற்ற வைத்தார்கள். செத்துக்கொண்டிருந்தவர்களில் சிலர் பிழைத்து எழுந்து வீட்டுக்கு நடந்து போனார்கள். அதற்கு ஒருவரும் மேளம் அடிக்கவில்லை.

விழாவுக்கு நாள் குறித்த சமயத்தில் அந்த அறையில் வள்ளிக்கண்ணு கிடந்தாள். முசிறிப் பக்கம் வாழைக்கொல்லையில் மண்வெட்டி பாதத்தை வெட்டிவிட்டது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண். மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பால் இறக்கினார்கள். இழுப்பு வருவது கொஞ்சம் குறைந்திருந்தது. இன்னும் ஒரு வாரம் சத்தமில்லாமல் ஓட்டிவிட்டால் பிழைத்துக்கொள்வாள் என்று வியாகுலம்மாள் கணக்குப் போட்டிருந்தாள். விழா மேடையோ அந்த அறையின் ஜன்னலுக்கு நேர் வெளியே, ஆஸ்பத்திரி முற்றத்தில்.

அவள் முறையாகத்தான் கேட்டாள். டாக்டர் தர்மராஜ் அறையில் ரத்தினவேலும் உட்கார்ந்திருந்தார்.

"விழாவை வேற எடத்துல வெச்சுக்குங்க சார். மேளம் கேட்டா அந்தப் பொண்ணு போயிடும்."

"அந்தப் பொண்ணைப் பின்னாடி ஷெட்டுக்கு ஒரு நாள் மாத்திடலாமே, வியாகுலம்?" என்றார் டாக்டர்.

"ஸ்ட்ரெச்சர்ல தூக்கினா வழியிலேயே இழுத்துக்கும் சார். உங்களுக்குத் தெரியாததா?"

டாக்டருக்குத் தெரியும். அதனால் மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து மூடியைத் திருகிப் பார்த்துக்கொண்டார். "மந்திரி வரார்மா. மெடல் வாங்கிட்டேன்னா அடுத்த மேட்ரன் நீதான். நல்லதைக் கெடுத்துக்காதே."

ரத்தினவேல் பெருந்தன்மையாகச் சிரித்தார். "நோயாளிங்க மத்தியில நடந்தாத்தான் சிஸ்டர் அது கருணை விழா. போட்டோவுல ஆஸ்பத்திரி போர்டு விழணுமில்ல? மங்கள காரியத்துக்கு மேளமில்லாம எப்படி? ஒண்ணு பண்ணுங்க, அந்தப் பொண்ணு காதுல கொஞ்சம் பஞ்சு வெச்சிடுங்க."

பஞ்சு! வராந்தாவுக்கு வந்த பிறகும் அந்தச் சொல் அவள் காதுக்குள் குடைந்தது. பதினைந்து வருஷம் நாய் மாதிரி உழைத்தவளுக்கு மேட்ரன் நாற்காலி மேல் ஆசை இல்லாமல் போகுமா? இருந்தது, நிறையவே இருந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் இன்னும் இரண்டு வார்டுகளைத் திருத்தலாம் என்றும் தோன்றியது. ஆனால் இந்த ஆட்களிடம் கெஞ்சிப் புண்ணியமில்லை. விழாவை நிறுத்த ஒரே வழிதான் உண்டு. கருணை விழாவுக்கு அவள் லாயக்கில்லாதவள் என்று ஆகிவிட வேண்டும்.

மறுநாள் காலை ரத்தினவேல் பந்தக்கால் நட வந்தார். கார் கேட்டுக்கு வெளியே நின்றது. பின்னாலேயே ஒரு வாடகைக் காரிலிருந்து தவிலும் நாயனமும் இறங்கின. வியாகுலம்மாள் கேட்டுக்கே போய்விட்டாள். முற்றத்தில் கத்தினால் அறைக்குக் கேட்கும், கேட்டோரம் கத்தினால் கேட்காது. மன்றத்தார் மாலையும் கையுமாக நின்றார்கள். பழக்கடைக்காரர்கள், ஜட்கா வண்டிக்காரர்கள், மதில் ஓரம் சோற்று மூட்டையோடு உட்கார்ந்திருந்த நோயாளிகளின் ஆட்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

"என்ன சிஸ்டர், வரவேற்கவே வந்துட்டீங்க?" என்று ரத்தினவேல் கை கூப்பினார்.

"உம்ம மெடலைக் கொண்டுபோய்ச் சுருட்டுக் கடையில மாட்டிக்கும்யா!" என்று அவள் ஆரம்பித்தாள். இத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்த குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "கருணையைப் பத்திப் பேச வந்துட்டாரு! ஊசியைப் பார்த்து மெத்தையில ஒண்ணுக்குப் போன ஆளுதானே நீரு! விரிப்பை மாத்தினது நானு. அதுக்கு மாலையும் மேளமும் வேறயா?"

ஜட்கா வண்டிக்காரன் ஒருவன் சிரித்துவிட்டான். அவனைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். ரத்தினவேலின் முகம் வெளுத்து, பிறகு கன்றிச் சிவந்தது. கை கூப்பியது கூப்பியபடியே நின்றது. அவள் நாக்கு கசந்தது. நோயாளியின் மானத்தை அவள் வெளியே விட்டதில்லை, அவர்கள் செத்த பிறகும்கூட. அந்த ஆள் எப்பேர்ப்பட்ட அசடாக இருந்தாலும் அவள் கவனிப்பில் படுத்துக் கிடந்தவர். இது பாவம் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்துதான் செய்தாள், அதற்காக வெட்கமும் பட்டாள்.

"இவளுக்கா கருணை? பேய்!" என்று கத்திக்கொண்டு ரத்தினவேல் காரில் ஏறினார். தவில்காரர் உறையைக்கூட அவிழ்க்காமல் பின்னாலேயே ஓடினார்.

விழா நிற்கவில்லை. அச்சடித்த அழைப்பிதழும் சொல்லிவைத்த மந்திரியும் இருக்கும்போது எப்படி நிற்கும்? ஸ்ரீரங்கத்தில், அம்மாமண்டபம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மாறியது. பதக்கத்துக்கு ஒரு கழுத்து வேண்டுமே, தென்னூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து பேட்ரிசியா என்ற நர்ஸைப் பிடித்தார்கள். நல்ல பெண்தான், பல்வரிசை அழகு, போட்டோவுக்கு அடங்கி நிற்பாள். கருணையின் வடிவமே இவர்தான் என்று ரத்தினவேல் கண்கலங்கினார். வியாகுலம்மாளுக்குத் தயாராக இருந்த அதே பேச்சு, பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார். அதிர்வேட்டுச் சத்தமெல்லாம் காவிரிக்கு அந்தப் பக்கமே தீர்ந்துபோயிற்று. டாக்டர் தர்மராஜ் அவளிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். மேட்ரன் வேலைக்கு மதுரையிலிருந்து வேறொருத்தி வரப்போவதாகச் செய்தி வந்தது. அவள் அன்றைக்கு ஜெபமாலையை இரண்டு தரம் உருட்டிப் பார்த்தாள், ஆத்திரம் அடங்கவில்லை.

அடுத்த வாரம் வள்ளிக்கண்ணுவின் தாடை தளர்ந்தது. குழாயை எடுத்துவிட்டார்கள். ஜன்னலின் கறுப்புத் துணியைக் கொஞ்சம் விலக்கிவிட்டு, வியாகுலம்மாள் ஜூனியர் நர்ஸ் சுராயாவை அனுப்பி, கேட்டோரம் இத்தனை நாளும் காத்துக் கிடந்த புருஷனை முதல்முறையாக உள்ளே அழைத்து வரச் சொன்னாள். மருதை வந்தான். பெண்டாட்டியைப் பார்த்துத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். பிறகு வாசலுக்குப் போய் சுராயாவிடம் ரகசியம் பேசினான். சின்னச் சத்தமும் கேட்டுப் பழகிய வியாகுலம்மாளின் காதுக்கு அது தப்பவில்லை.

"அம்மா, ஒரு ஒத்தாசை பண்ணுங்க. இவளைப் பார்த்துக்க வேற யாரையாச்சும் போடச் சொல்லுங்க. இந்த அம்மா அன்னைக்கு ஒரு பெரிய மனுஷனைக் கேட்டுல வெச்சுக் கிழிச்சதை என் கண்ணால பார்த்தேங்க. பொண்டாட்டி மொகத்தைக்கூடப் பார்க்க விடலை. ஸ்ரீரங்கத்துல கருணைக்குன்னே ஒரு அம்மாவுக்கு மெடல் குடுத்தாங்களாமே, அவங்க கெடைப்பாங்களா?"

சுராயா ஆத்திரத்தோடு வாயைத் திறந்தாள். வியாகுலம்மாள் ஒரு பார்வையில் அவளை அடக்கினாள். ரத்தினவேல் சொன்னதையும் டாக்டர் சொல்லாமல் விட்டதையும் எப்படியோ விழுங்கிவிட்டாள். இதை விழுங்க முடியவில்லை. எல்லாவற்றையும் இவனிடம் எடுத்துச் சொல்லலாம். சொன்னால் காலில் விழுவான், ஓவென்று அழுவான், அறை முழுக்கச் சத்தமாகும். படுக்கையில் கிடப்பவளுக்கு இன்னும் அது ஆகாது.

"அவங்களுக்கு நேரம் இருக்காதுப்பா" என்றாள். "இப்படி வா. இந்த டம்ளரைப் பிடி. கொஞ்சம் கொஞ்சமாக் குடு. சத்தம் போட்டேன்னா வெளியில அனுப்பிடுவேன்."

வள்ளிக்கண்ணு பாலை விழுங்கினாள். மருதை அவளைப் பார்க்காமல், நர்ஸம்மாவைப் பயந்து பயந்து பார்த்தபடியே டம்ளரைச் சாய்த்துக்கொண்டிருந்தான்.