கொசு எழுதிய கதை

பதினோராம் வகுப்பில் பாதிப் பேர் அம்மாவைக் கொன்றிருந்தார்கள். மீதிப் பேர் கடைசி வரியில் திடுக்கிட்டு விழித்து, 'நல்லவேளை, எல்லாம் கனவு' என்று பெருமூச்சு விட்டிருந்தார்கள். ஒரே ஒரு பையன் இரண்டையும் சேர்த்து, அம்மாவைக் கனவில் கொன்றிருந்தான்.

ஒருவர் விடாமல் எல்லோரும் கதைக்கு அடியில் கோடு போட்டு 'நீதி' வேறு எழுதியிருந்தார்கள். ஆகவே சாலையைப் பார்த்துக் கடக்க வேண்டும். ஆகவே அம்மா உயிரோடு இருக்கும்போதே அவள் பேச்சைக் கேட்க வேண்டும்.

தமிழ் டீச்சருக்கு மண்டை காய்ந்துவிட்டது.

"கதை உங்களுக்கு என்னடா பாவம் பண்ணுச்சு?" என்று வகுப்பில் கேட்டாள்.

'வக்கீல்' எழுந்தான். எதற்கும் ஒரு எதிர்வாதம் வைத்திருப்பான் என்பதால் வகுப்பு வைத்த பெயர். "மிஸ், நீதி எழுதலேன்னா மார்க்கை எதுக்குப் போடுவீங்க?"

"கதைக்கு."

"கதை எல்லாருக்கும் ஒண்ணுதானே மிஸ்? நீதிதானே வேற வேற?"

வகுப்பு சிரித்தது. டீச்சருக்கு அழுகை வந்தது.

எழுதத் தெரியாவிட்டால் போகிறது, முதலில் படிக்கட்டும் என்று ஒரு கதையை அவளே நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒரு பெண், பஸ் வந்தும் ஏறாமல் வீடு திரும்புகிறாள். அவ்வளவுதான் கதை. வாசித்து முடித்ததும் வகுப்பில் சத்தமே இல்லை. ஆகா, பிடித்துவிட்டது என்று டீச்சர் நிமிர்ந்தாள்.

"அடுத்த பக்கம் கிழிஞ்சுபோச்சா மிஸ்?" என்றான் வக்கீல்.

"போதும்டா சாமி! அடுத்த வெள்ளிக்கிழமை ஆளுக்கொரு கதை. யாரும் சாகக்கூடாது. யாரும் தூங்கக்கூடாது. நீதி எழுதினா கையை ஒடிச்சிடுவேன். கண்ணால பார்த்ததை எழுதுங்க."

எழுதினார்கள். அந்த வாரம் ஊரில் ஒரு பஸ்ஸிலும் ஆள் ஏறவில்லை. எல்லோரும் பஸ் நிறுத்தம்வரை வந்து, யோசித்து, வீட்டுக்குத் திரும்பியிருந்தார்கள்.

இதை வீட்டில் கணவரிடம் சொல்லிச் சிரித்திருக்கலாம். சிரிக்க முடியாதபடி ஒரு சிக்கல் இருந்தது. வெள்ளிக்கிழமைக் கடைசிப் பீரியடைக் கதைக்கென்று கேட்டு, தலைமையாசிரியையிடம் மூக்கால் அழுது வாங்கியவள் அவள்தான். அவரும் சும்மா கொடுக்கவில்லை. ஆண்டு மலரில் மாணவர் எழுதிய உருப்படியான கதை ஒன்றாவது வர வேண்டும்; இல்லையென்றால் பீரியடு கணக்கு சாருக்குப் போய்விடும். கணக்கு சார் இப்போதே அளவெடுக்க ஆரம்பித்திருந்தார். "அவசரமில்லை டீச்சர். அந்தக் கதைப்புத்தக அலமாரியை மட்டும் காலி பண்ணிட்டீங்கன்னா, என் சாமான்களை வச்சுக்குவேன்."

பஸ் ஏறாதவர்களின் கூட்டத்தில் கடைசியாகக் கிடந்தது கொசுவின் தாள்.

கொசு ஒல்லியான பெண். வாயைத் திறந்தால் காதோரம் ரீங்காரம் போல ஒரு சன்னக்குரல் வரும். அதுவும் எப்போதாவதுதான். அவள் கதையில் ஒரு பையன். அவன் வீட்டில் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை. 'உங்கப்பாகிட்ட கேஸ் தீர்ந்துபோச்சுன்னு சொல்லு.' 'உங்கம்மாகிட்ட எனக்கும் கண்ணு இருக்குன்னு சொல்லு.' சமையலறைக்கும் ஹாலுக்கும் நடையாய் நடக்கிறான் பையன். ஒருநாள் அலுத்துப்போய், வாக்கியத்தின் பின்பாதியைச் சொல்லாமல் விடுகிறான். சண்டை வரவில்லை. மறுநாள் தானே ஒன்றைச் சேர்க்கிறான்: 'டீ வேணுமான்னு அம்மா கேக்கச் சொன்னாங்க.' அப்பா பேப்பரைத் தாழ்த்தி, 'கேட்டாளா?' என்கிறார். போகப்போக எது அவர்கள் சொன்னது, எது தான் சொன்னது என்று பையனுக்கே மறந்துவிடுகிறது. இரண்டு அறைகளுக்கும் நடுவில் நிற்கிறான். கதை அங்கேயே முடிந்துவிட்டது.

டீச்சர் அதை நின்றபடியே இரண்டு தரம் படித்தாள். பிறகு தாளோடு தலைமையாசிரியை அறைக்கு ஓடினாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர். "நீதி எங்கே?"

டீச்சர் பல்லைக் கடித்தாள்.

"சரி சரி, முறைக்காதீங்க. போட்டுடலாம். பிரதி எடுத்து வீட்டுக்கு அனுப்பி, வழக்கம்போல அப்பா அம்மா ரெண்டு பேர் கையெழுத்தும் வாங்கிடுங்க."

வினை அங்கேதான் தொடங்கியது. மலர் அச்சகத்துக்குப் போக வேண்டிய அன்று மதியம், கொசுவின் அப்பா ஆசிரியர் அறைக்குள் நுழைந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கையில் கதையின் பிரதி.

"பையன்னு எழுதிட்டா கண்டுபிடிக்க மாட்டாங்களா டீச்சர்? எங்க வீட்ல பையனே கிடையாது!"

"அப்ப அது உங்க வீடு இல்லையே சார்."

"எனக்கும் கண்ணு இருக்குன்னு கடைக்கு வர்றவங்ககிட்டகூட நான்தான் சொல்வேன். ஊருக்கே தெரியும்!"

அவர் உட்கார்வதற்குள் அம்மா வந்துவிட்டாள். கழுத்தில் வங்கி அடையாள அட்டை, கையில் இன்னொரு பிரதி. கணவரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள். பிறகு வந்து, நடுவில் ஒரு நாற்காலி விட்டு அமர்ந்தாள்.

"இவர் எதுக்கு வந்தார்னு கேளுங்க டீச்சர்."

"பெத்தவன் வரக்கூடாதான்னு கேளுங்க டீச்சர்."

"கையெழுத்துப் போட்டாச்சான்னு கேளுங்க."

"போட மாட்டேன்னு சொல்லுங்க."

'போட மாட்டாராம்' என்று சொல்ல வாயெடுத்துவிட்ட டீச்சர், நாக்கைக் கடித்துக்கொண்டாள். மூலையில் கணக்கு சாரின் முகத்தை மறைத்திருந்த செய்தித்தாள் குலுங்கியது.

"ரெண்டு பேரும் ஒரே ரூம்லதானே இருக்கீங்க? காது நல்லாத்தானே கேக்குது? என்னை எதுக்கு இழுக்கறீங்க?"

அம்மா தாளைத் தட்டினாள். "வீட்டு விஷயத்தை எழுதினதுகூடப் போகட்டும் டீச்சர். இல்லாததை எழுதியிருக்காளே! நான் எப்ப இவருக்கு டீ வேணுமான்னு கேட்டேன்? ஒருநாளும் கேட்டதில்லை!"

கண்ணாடிக் கடைக்காரர் மெல்லத் திரும்பினார். இந்தத் தடவை டீச்சர் பக்கம் அல்ல.

"கேக்கலையா?"

"இல்லை."

"தினமும் சாயங்காலம் வந்து சொல்வாளே. நானும் வேணும்னு சொல்லி அனுப்புவேனே."

"நீங்களா கேட்டீங்கன்னுதான் என்கிட்ட சொல்வா. சரி, கேக்குறாரேன்னு போட்டேன்." அம்மாவின் குரல் இறங்கியது. "அப்ப அன்னிக்கு... உங்கமேலதான் தப்புன்னு நீங்களே ஒத்துக்கிட்டதா வந்து சொன்னாளே? அது?"

"நானா?" என்றார் அவர். பிறகு வாயை மூடிக்கொண்டார்.

செய்தித்தாள் குலுங்குவது நின்றுவிட்டது.

"டீச்சர், இதைப் போடக்கூடாது" என்றார் அப்பா கடைசியில்.

"போட்டே ஆகணும்னா, அப்பாவும் அம்மாவும் ஒண்ணாயிட்டாங்கன்னு கீழே ரெண்டு வரி சேர்த்துடுங்க" என்றாள் அம்மா.

"ஆமா, அதைச் சேர்த்துடுங்க" என்றார் அவர். வெகுநாளுக்குப் பிறகு இருவரும் ஒத்துப்போன விஷயம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். சத்தம் கேட்டு வந்த தலைமையாசிரியையும், "நியாயம்தானே? அப்படியே ஒரு நீதியும்..." என்று ஆரம்பித்தார்.

"கதை என்னுதில்லை!" டீச்சர் கத்தியேவிட்டாள். "எழுதினவளைக் கூப்பிட்டுக் கேளுங்க!"

கொசு வந்தாள். பெற்றோரை மாறி மாறிப் பார்த்தாள்.

"உன்னை யாருடி இதெல்லாம் பண்ணச் சொன்னது?" என்றார் அப்பா.

"நீங்க சொன்னதையெல்லாம் அப்படியே சொல்லியிருந்தா, ரெண்டு பேரும் என்னிக்கோ கிளம்பிப் போயிருப்பீங்கப்பா."

குரல் வழக்கம்போல் சன்னமாகத்தான் வந்தது. ஆனால் அந்த அறையில் எல்லோருக்கும் கேட்டது.

தலைமையாசிரியை தொண்டையைச் செருமினார். "சரிம்மா, நல்லபடியா ரெண்டு வரி சேர்த்துக் குடு. அச்சகத்து ஆள் வந்துடுவார்."

கொசு தாளை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் படித்தாள். நெற்றி சுருங்கியது. "இதைக் குடுக்க முடியாது மிஸ்."

"நீயுமாடி?" என்றாள் டீச்சர்.

"முடிவு தப்பா இருக்கு மிஸ். அந்தப் பையனை அவங்க கண்டுபிடிச்சுட்டா என்ன ஆகும்னு நான் யோசிக்கவே இல்லை. சும்மா நிக்க விட்டுட்டேன்."

"இப்பவே உட்கார்ந்து எழுதிடு, போதும்."

"இன்னிக்கு முடியாது மிஸ். எவ்வளவு நாளாகும்னு தெரியலை. அடுத்த வருஷ மலர்ல போட்டுக்கலாமா?"

டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டாள். ஒரு வருடமாகத் தொண்டை வறளக் கத்தி, ஒரே ஒரு ஆளுக்குக் கதை என்றால் என்னவென்று விளங்கியிருக்கிறது. அதுவும் இன்றைக்குப் பார்த்தா விளங்க வேண்டும்?

"அப்ப மலர்ல கதைக்கு விட்ட பக்கம்?" என்றார் தலைமையாசிரியை. "பீரியடு?"

கணக்கு சார் செய்தித்தாளை மடித்தார்.

டீச்சர் கொசுவைப் பார்த்தாள். ரெண்டு வரிதானேடி என்று ஒரு அதட்டல் போட்டால் எழுதிக் கொடுத்துவிடுவாள். பீரியடும் தப்பிக்கும். அதட்டல் தொண்டைவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"அந்தப் பக்கத்துல சாரோட கணக்குப் புதிர் எதையாவது போட்டுக்குங்க. பீரியடையும் அவரே வச்சுக்கட்டும்" என்று தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டுத் தன் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உட்கார்ந்து எழுதுடி. ஏதாவது பேசினே, கொன்னுடுவேன்."

கொசு உட்கார்ந்து கடைசிப் பக்கத்தைக் குறுக்கே அடித்தாள். பின்னால் அப்பாவும் அம்மாவும் போவதா நிற்பதா என்று தெரியாமல், தணிந்த குரலில் எதையோ ஆரம்பித்தார்கள். "அன்னிக்கு நீ அப்படிச் சொல்லலேன்னா..." "நீங்கதானே முதல்ல..." குரல் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.

கொசு எரிச்சலோடு திரும்பினாள்.

"கொஞ்சம் வெளியில போய்ப் பேசறீங்களா ரெண்டு பேரும்? இங்க எழுத முடியலை."