திரும்பி வந்த சட்டிகள்

ஏழு வருடமாக, வியாழக்கிழமை காலையானால் பூ வியாபாரி குணாளனின் லோரி மலைமேல் திரிங்காப்பில் இருக்கும் எங்கள் பூந்தோட்டத்துக்கு வந்துவிடும். பூத்த ஹைட்ரேஞ்சாச் செடிகளைச் சட்டியோடு ஏற்றிக்கொண்டு கோலாலம்பூருக்குப் போகும். மறுவாரம் வரும்போது காலிச் சட்டிகளை இறக்கும். புதுச் சட்டி வாங்கும் செலவு மிச்சம். அவற்றைக் கழுவி அடுக்கும்போதெல்லாம், இந்த மலையில் என்னைப் போலக் கெட்டிக்காரன் எவனும் இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

என் மனைவி குமுதா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. அன்றைக்கும் சும்மா இருக்க மாட்டாள். தேயிலை பார்க்க வரும் பயணிகளுக்காகச் சாலையோரம் மேசை போட்டு, லோரிக்கு எடுபடாத செடிகளை விற்பாள். விற்பாள் என்பதைவிட, வருகிறவர்களை விரட்டுவாள் என்று சொல்லலாம். "வீடு எங்கம்மா?" என்பாள். மலைக்குக் கீழே, சூடான கிள்ளான் என்று சொன்னால் போச்சு. "இது குளுருல வளந்த செடி. அங்க தாங்காது, வேணாம்" என்று சொல்லி அனுப்பிவிடுவாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"வாங்க வர்றவங்கள போலீஸ் மாதிரி விசாரிக்கிறியே, நல்லாவா இருக்கு?"

"ஒரு வாரத்துல செத்துப்போச்சுன்னா நம்மளத்தானே ஏசுவாங்க?"

"லோரில போட்டா அந்தத் தொல்லையே இல்லல்லா!"

போன பள்ளி விடுமுறையின்போது நானூறு சட்டி ஒன்றாகப் பூத்து நின்றன. பாதியை மேசையில் வைத்து விற்போம் என்று குமுதா ஒரு வாரம் லீவு போட்டாள். குணாளன் ஒத்துக்கொள்ளவில்லை.

"எனக்கு முழு லோரி வேணும்ணே. பாதிதான்னா நான் வேற தோட்டம் பாத்துக்குறேன்."

நான் லோரிப் பக்கம்தான். அந்த லோரி வராமல் போனால் நானூறு சட்டியையும் யார் தலையில் கட்டுவது? குமுதா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்க, நான் சட்டிகளை ஏற்ற ஆரம்பித்தேன். அவள் வாயை அடைக்கலாம் என்று குணாளனிடம் கேட்டேன்.

"குணா, கோலாலம்பூர் சூட்டுல நம்ம செடி எப்படித் தாங்குது? நீயே இவகிட்டச் சொல்லு."

அவன் சிரித்தான்.

"எங்கண்ணே தாங்குறது? எல்லாம் கல்யாண மண்டபத்துக்குத்தான் போவுது. ரெண்டு நாள் அலங்காரம். அப்புறம் புடுங்கிப் போட்டுட்டு, சட்டிய உங்களுக்கே கொண்டாந்துடுறேன்ல?"

கைப்பேசியில் படமும் காட்டினான். முதல் படத்தில் மேடை முழுக்க எங்கள் நீலப்பூ. அடுத்த படத்தில் மண்டபத்துப் பின்பக்கம், வேரும் மண்ணுமாக ஒரு குவியல். அவன் கெட்டவன் இல்லை. எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருக்கிறான். சட்டி காலியாக வந்தால் செடி எங்கே என்று ஏழு வருடத்தில் ஒருநாளாவது கேட்டிருக்க வேண்டாமா நான்?

குமுதா கைப்பேசியை வாங்கி, அந்தக் குவியலையே பெரிதாக்கிப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். குச்சியாக நட்டு மாதக்கணக்கில் நான் பார்த்துப் பார்த்து வளர்த்தவை அத்தனையும். வெட்கமாக இருந்தது. அதைவிடத் துக்கமாக இருந்தது.

"இறக்கிடு குணா" என்றேன்.

"யோசிச்சுக்குங்கண்ணே. அப்புறம் கூப்பிட்டா வர மாட்டேன்."

"சரி."

லோரி காலியாகப் போனது.

மறுநாள் மேசையருகே நானும் நின்றேன். முதலில் நின்ற காரிலிருந்து ஓர் அம்மா இறங்கி நாலு சட்டி கேட்டார். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"வீடு எங்கம்மா?"

ஷா ஆலாம் என்றார். அதுவும் கிள்ளான் பக்கம்தான், அதே சூடு. வேண்டாம் என்று விளக்கிச் சொல்லி அனுப்பினேன். குமுதா என் கையைக் கிள்ளினாள்.

"இன்னைக்காவது வாய மூடிக்கிட்டு வித்திருக்கலாம்ல?" என்றவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மாலை வரை பத்தொன்பது சட்டிதான் போனது. கடைசியாக வாங்கியவர் எங்கள் மலையிலேயே தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஹஃபீசா.

ஐந்தாம் நாள் அவர் காரை நிறுத்தி, மேசையில் ஒரு காலிச் சட்டியை வைத்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது.

"செடி எங்கம்மா?"

"கடை வாசல்ல நிலத்துலயே நட்டுட்டேண்ணே. சட்டி உங்களுக்கு உதவுமேன்னு கொண்டாந்தேன்."

அன்று மாலையே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தானா ராத்தா போய்ப் பார்த்தேன். புது இலை ஒன்று விட்டிருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தச் சட்டியைக் கழுவினேன்.