மிதித்தால் ‘டப்’

பெடலை என் மகள் மேசைமேல் வைக்கவில்லை, போட்டாள். போட்ட வேகத்தில் என் மூக்குக் கண்ணாடி எழுந்து நின்று அவளுக்கு வழிவிட்டது.

“அப்பா, இதோட சரி. இன்னிக்கு சாயங்காலம் ஒத்திகையில இன்னொரு தடவ ‘டப்’புன்னு கேட்டுச்சுன்னா, என்னைக் குழுவ விட்டே அனுப்பிடுவாராம். பாடகர் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார்.”

மகள் ஒரு இசைக்குழுவில் கிட்டார் வாசிக்கிறாள். கிட்டாருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே தரையில் கிடக்கும் இந்தத் தகரப் பெட்டியைக் காலால் ஒரு மிதி மிதித்தால், சாதுவான கிட்டார் கர்ஜிக்கும். மறுபடி மிதித்தால் சாதுவாகிவிடும். நானும் என் மச்சானும் வீட்டிலேயே செய்தது. அந்தக் கர்ஜனையைக் கேட்டால் சிங்கங்கள் வெட்கப்பட்டுக் காட்டைக் காலி செய்துவிடும். ஆனால் மிதிக்கிற நொடியில் ஒரு ‘டப்’. அதுவும் பாடகர் கண்ணை மூடி, குரலைத் தேய்த்துத் தேய்த்து மௌனமாக்கும் இடத்தில். போன ஒத்திகையில் அவர் துள்ளிய துள்ளலில் மைக் ஒரு மூலை, அவர் ஒரு மூலை. தெருவில் வண்டியில் போனவர்கள் இறங்கித் தங்கள் டயரைத் தடவிப் பார்த்தார்கள்.

“கடைப் பெட்டி வாங்கிக்கச் சொல்றாரா?”

“அதுவும் கூடாதாம். அந்தப் பாட்டுக்கு இந்தச் சத்தம்தான் வேணும், ‘டப்’ மட்டும் வேண்டாமாம்.”

“புள்ள வேணும், அழுகை வேண்டாமாமா அவருக்கு?”

“அப்பா! எனக்கு இருக்கற ஆத்திரத்துல ஜோக் அடிக்காதீங்க.”

எனக்கு மட்டும் ஆத்திரம் இல்லையா? ஓய்வு பெறும்வரை லிஃப்ட் பழுது பார்த்தவன் நான். நடுவழியில் நின்ற லிஃப்டை மிரட்டியே இறக்கியிருக்கிறேன். உள்ளங்கை அகலப் பெட்டி என்னை அவமானப்படுத்துவதா?

சுவிட்ச்தான் திருடன் என்று முடிவு கட்டி அதை மாற்றினேன். மகள் மிதித்தாள். டப். வயரை மாற்றினேன். டப். நாற்காலியில் சாய்ந்து காலாட்டிக்கொண்டிருந்த மச்சான் யோசனை சொன்னான்: “அத்தான், கொஞ்சம் மெதுவா மிதிக்கச் சொல்லுங்களேன்.”

“மாமா, நீங்க கொஞ்சம் வாய மூடுங்களேன்” என்றாள் மகள். பிறகு வெறி பிடித்தவள் போலப் பெட்டியை விடாமல் மிதித்தாள். முதல் மிதிக்கு மட்டும்தான் டப். அடுத்தடுத்த மிதிகளுக்குச் சத்தமே இல்லை. களைத்துப்போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மிதித்தாள். பெரிய டப்!

“நிறுத்து!” என்று கத்தினேன். “நீ சும்மா இருக்கற நேரத்துல உள்ள ஏதோ சேருது.”

பெட்டியின் உள்வாசலிலும் வெளிவாசலிலும், மின்சாரத்தைப் பிடித்துவைக்கும் கெப்பாசிட்டர் ஒவ்வொன்று உண்டு. பெடல் அணைந்திருக்கும்போது ஒவ்வொன்றின் வெளிக்காலும் அந்தரத்தில் தொங்கும். கசிகிற மின்சாரம் அங்கே மெல்லச் சேரும். மிதித்ததும் சேர்ந்தது மொத்தமும் ஒலிபெருக்கிக்குள் பாயும். அப்படிச் சேரவிடாமல் தரைக்கு வடித்துவிடத்தான், உள்ளே போகிற இடத்தில் ஒன்றும் வெளியே வருகிற இடத்தில் ஒன்றுமாக இரண்டு ரெசிஸ்டர்கள் வைப்பது. வைத்தேனே! இந்தக் கையால் ஈயம் வைத்துப் பற்றவைத்தேனே!

பூதக்கண்ணாடியோடு குனிந்தேன். இரண்டு இடத்திலும் வெட்டுப்பட்ட கம்பி நுனிகள் மட்டும்.

நிமிர்ந்து மச்சானைப் பார்த்தேன். காலாட்டம் நின்றது.

“எடுத்தியா?”

“ஆமா அத்தான். ரெண்டு பேரும் சும்மா நிக்கிறானுங்க. பாட்டு அவனுங்க வழியா போகவே இல்ல. வெட்டிப் பார்த்தேன், பெட்டி பாடுச்சு. அப்புறம் எதுக்கு தண்டமா?”

பொம்மைத் தொழிற்சாலையில் இவனுக்கு என்ன வேலையாக இருந்தது தெரியுமா? செலவைக் குறைக்க, ஓடுகிற பொம்மையிலிருந்து ஒவ்வொரு பாகமாகக் கழற்றுவது. பொம்மை நின்றுவிட்டால் கடைசியாகக் கழற்றியதை மட்டும் திரும்ப மாட்டுவது. வேலையிலிருந்து இவன் ஓய்வு பெற்றான், புத்தி பெறவில்லை. இவன் வந்துபோனால் எங்கள் வீட்டுக் கதவுகள் ஒரு கீல் இளைத்திருக்கும்.

“பொம்மைய வெட்டின கைய என் பெட்டிக்குள்ள விட்டியாடா? உன்னைப் பெத்தப்பவே ரெண்டு பாகத்தக் கழட்டி வெச்சுக்கிட்டாங்களா?”

“அக்கா! இங்க பாருக்கா, உன் வீட்டுக்காரர் என்ன பேசறாருன்னு!”

“உங்க சண்டையில என்னை இழுக்காதீங்க” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. என் மனைவி விவரமானவள்.

திட்டிக்கொண்டே இரண்டு ரெசிஸ்டர்களையும் பற்றவைத்தேன். ஈயத்தைவிட என் வாய் சூடாக இருந்தது. வேண்டுமென்றே நெடுநேரம் காத்திருந்துவிட்டு, மகள் மிதித்தாள். மச்சானின் நாற்காலி கிரீச்சிடும் சத்தம்தான் கேட்டது. அடுத்து அவள் கிட்டார் கம்பியைச் சுண்டினாள். கர்ஜனை.

சாயங்காலம் மகளோடு நானும் மச்சானும் ஒத்திகைக்குப் போனோம். யாரும் கூப்பிடவில்லை. அதனால் என்ன? பாடகர் குரலைத் தேய்த்து மௌனமாக்கினார். மகள் மிதித்தாள். ஊசி விழும் சத்தம்கூட இல்லை. கிட்டார் கர்ஜித்தது. ஆனால் டிரம்ஸ்காரன் குச்சிகளைத் தூக்கியபடி, வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். பாட்டு கவிழ்ந்தது.

“மறுபடியும் உன் பெட்டியா?” என்று பாடகர் மகள்மேல் பாய்ந்தார்.

“டப் கேட்டுச்சா?”

“…இல்ல.”

“அப்ப என்னை ஏன் முறைக்கறீங்க? அங்க பாருங்க.”

டிரம்ஸ்காரன் தலையைச் சொறிந்தான். “அந்த டப் வரும்னு இருந்தேன். அதுலேர்ந்துதான் நான் எண்ணிக்கிட்டு வருவேன்.”

“இத்தன நாளாவா?”

“இத்தன நாளா.”

“பார்த்தீங்களா அத்தான், நான் வெட்டினது டிரம்ஸ் தம்பிக்கு எவ்வளவு உபயோகமா இருந்திருக்கு!” என்றான் மச்சான். அவன் தொடையில் நான் கிள்ளிய கிள்ளு இன்னும் ஆறியிருக்காது.

பாடகர் தொண்டையைக் கனைத்தார். “சரி சரி, மறுபடி முதல்லேர்ந்து போவோம்.”

“போக வேண்டாம்” என்றாள் மகள். அவள் கால் பெடல்மேல் இருந்தது. “என்னை அனுப்பிடுவேன்னு சொன்னீங்கல்ல? அத முதல்ல திரும்ப வாங்கிக்குங்க.”

அவர் தரையைப் பார்த்து ஏதோ முனகினார்.

“கேக்கல.”

“வாங்கிக்கிட்டேன்மா!”

“மைக்ல.”

அந்த மனிதர் முகத்தில் அப்போது ஓடிய நிறங்களை வைத்து ஒரு தெரு முழுக்க வெள்ளையடிக்காமல் வண்ணமடிக்கலாம். மைக்கைப் பிடித்தார். அவர் வாங்கிக்கொண்டது ஒலிபெருக்கியில் சுவர் அதிரக் கேட்டது. மகள் தலையை மட்டும் ஆட்டினாள். டிரம்ஸ்காரன் யாரும் சொல்லாமலே, வாய்விட்டு எண்ண ஆரம்பித்தான்.